மலை சரிந்த இடத்துக்கு ஒரு படம்

கஞ்சிக்கோட்டில் நின்றால் வடக்கே மலை தெரியும். மேகம் இல்லாத நாளில் தெற்கே தூரத்தில் நெல்லியாம்பதி மலையும் தெரியும். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் நெல்லியாம்பதிப் பாதை பல இடங்களில் சரிந்தது. ஊருக்குப் போக வழி இல்லை. அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகப் போயின. மலை இப்படிச் சரிவதை இந்தப் பக்கம் 'உருள்பொட்டல்' என்பார்கள்.

அந்த மழையில் கேரளம் முழுவதும் எத்தனை இடங்களில் மலை சரிந்தது? ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். 4,728 இடங்கள்! இடுக்கியில்தான் மிக அதிகம்.

இத்தனை இடங்களையும் நடந்து போய் எண்ண முடியுமா? முடியாது. செயற்கைக்கோள் வானத்திலிருந்து படம் எடுக்கிறது. மழைக்கு முன் எடுத்த படத்தையும், மழைக்குப் பின் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். முன்பு பச்சையாக இருந்த இடத்தில் இப்போது மண் நிறத்தில் ஒரு கோடு தெரியும். அதுதான் சரிவு. மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். மேகம் விலகும் வரை காத்திருக்க வேண்டும். ரேடார் உள்ள செயற்கைக்கோள் மட்டும் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். மரங்களுக்கு அடியில் நடந்த சிறு சரிவு படத்தில் சரியாகத் தெரியாது. அதற்கு ஆட்கள் நேரில்தான் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பழைய சரிவில் செடி முளைத்து மூடியிருக்கும். ஆனால் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும்.

சரிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதுமா? போதாது. மூணாறு அருகே பெட்டிமுடியில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் சொந்த ஊர். மலை மேலே தூரத்தில் சரிந்தது. மண்ணும் பாறையும் ஓடை வழியாக இறங்கி லயங்களை மூடின. மின்சாரம் இல்லை. போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். அவர்களில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

சரியும் இடம் வேறு. வந்து விழும் இடம் வேறு. அதனால் நல்ல படத்தில் மூன்றும் இருக்கும்: சரிவு தொடங்கிய இடம், மண் வந்த வழி, மண் வந்து நின்ற இடம்.

ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் இந்திய நிலச்சரிவு வரைபட நூலை வெளியிட்டது. 1998 முதல் 2022 வரை நடந்த சுமார் 80,000 சரிவுகள் அதில் உள்ளன. 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தியும் இருக்கிறார்கள். பாலக்காடு 5-ஆவது இடம். இடுக்கி 18-ஆவது இடம். வியப்பாக இருக்கிறதா? சரிவை மட்டும் எண்ணிப் போட்ட வரிசை அல்ல இது. அங்கே வாழும் மக்கள், வீடுகள், கால்நடைகள், சாலைகள் எல்லாம் கணக்கில் சேர்ந்தன.

மலையடிவாரத்தில் வீடு உள்ளவர்கள் படத்தில் முதலில் தேட வேண்டியது வீட்டுக்கு மேலே உள்ள ஓடையை. பெருமழையில் அந்த ஓடை திடீரெனக் கலங்கினாலோ வற்றினாலோ, நள்ளிரவானாலும் எழுந்துவிட வேண்டும். ஓடை வழியே கீழே ஓடக் கூடாது. ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும்.