உம்ரா பயணம்: உங்கள் பாஸ்போர்ட் நகல் யார் கையில் இருக்கிறது?



உம்ராவுக்குப் புறப்படும் குடும்பத்தினர் நம்மிடம் இஹ்ராம், தவாஃப், ஸஃயு பற்றியெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கூட்டத்தில் பிரிந்துவிட்டால், பாஸ்போர்ட் தொலைந்தால், மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்டால் கெட்டது நடந்துவிடுமோ என்று தயங்குகிறார்கள். சகுனம் பார்ப்பதைத்தான் மார்க்கம் தடுத்தது, முன்னேற்பாட்டைத் தடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்முடன் வந்த குழுவில் எழுபதை நெருங்கிய ஒரு பெரியம்மா இருந்தார். மக்காவில் இஷா தொழுகை முடிந்து வெளியே வரும்போது மகளின் கையிலிருந்து பிரிந்துவிட்டார். மொபைலில் சார்ஜ் இல்லை. மகளின் எண் அந்த மொபைலுக்குள்தான் இருந்தது, அவருக்கு மனப்பாடமில்லை. பாஸ்போர்ட் குழுப் பொறுப்பாளரிடம். அதன் நகலை மகன் ஊரிலேயே லேமினேட் செய்து கொடுத்திருந்தார். அது ஹோட்டல் அறையில், பெட்டியின் அடியில், பத்திரமாக இருந்தது.

நடுநிசி தாண்டித்தான் அவர் கிடைத்தார். தமிழ் தெரிந்த ஒரு கடைத் தொழிலாளி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். நம்மைக் கண்டதும் அழுதுகொண்டே சொன்னார்: "பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன் ஹஜ்ரத். ஹோட்டல் பேருதான் வாயில வரல. வாசல்ல ரொட்டிக்கடை இருக்கும்னு மட்டும் சொன்னேன்."

தவறு அவருடையதல்ல, ஹோட்டல் அட்டையைக் கொடுக்காத நம்முடையது. அன்று நாம் கற்ற பாடம் இதுதான்: நகல் எடுத்தால் மட்டும் போதாது. நாம் பேச முடியாத நேரத்தில் அது இன்னொருவர் கைக்கு எட்ட வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. நம் காலத்துப் பயணிக்கு அந்தக் கயிறு நான்கு இடங்களில் கட்டப்பட வேண்டும்.

1. உடலோடு ஓர் அட்டை

பெயர், நாடு, ஹோட்டலின் பெயரும் தெருவும் (அரபியில்), கூட வந்தவரின் எண், ஊரில் ஒருவரின் எண், இரத்த வகை, சர்க்கரை அல்லது இருதய நோய், ஒவ்வாத மருந்து. இவ்வளவும் ஒரு சிறு அட்டையில் அடங்கும். அரபியில் எழுத ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் உதவுவார்கள். இஹ்ராம் துணியில் பை இல்லை என்று கவலை வேண்டாம். இடுப்புப் பை கட்டிக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்து. ஹஜ் கமிட்டி வழியே செல்லும் ஹாஜிகளுக்கு விவரம் பொறித்த எஃகு வளையம் தருவதும் இதற்காகவே.

2. கூட வருபவரிடம் ஒரு நகல்

கணவரின் நகல் மனைவியின் பையிலும், மனைவியின் நகல் கணவரிடமும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, இரண்டு புகைப்படங்கள் வேண்டும். அசலையும் நகலையும் ஒரே பையில் வைத்தால், பை தொலையும்போது இரண்டும் போய்விடும். ஆதார் அட்டை வெளிநாட்டில் பாஸ்போர்ட்டின் இடத்தை நிரப்பாது.

3. மொபைலில்

படத்தை ஈமெயிலில் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். வேறு மொபைலில் திறக்கும்போது ஊர் எண்ணுக்கு ஓடிபி போகும்; அந்த சிம் ரோமிங்கில் இல்லையென்றால் அது வந்து சேராது. இணையம் இல்லாமலும் திறக்கும்படி மொபைலிலேயே ஒரு பிரதி இருக்கட்டும். பூட்டிய திரையிலிருந்தே பிறர் பார்க்கும்படி அவசரத் தொடர்பு எண்ணையும் நோய் விவரத்தையும் பதியும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள். பாஸ்போர்ட் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், அது அமானிதம்.

4. ஊரில் ஓர் உறை

பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் நகல்கள், குழுப் பொறுப்பாளர் எண், காப்பீட்டு எண் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கும் சொல்லுங்கள். வளைகுடாவில் வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஒருவர் மவ்த்தானால், அங்கேயே நல்லடக்கம் செய்வதற்கும் ஊருக்குக் கொண்டுவருவதற்கும் வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பாஸ்போர்ட் எண்கூடத் தெரியாத மனைவி அந்த நேரத்தில் எங்கே தேடுவார்?

கொடுக்கல் வாங்கல் விவரத்தையும் வஸிய்யத்தையும் அதே உறையில் வையுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

தொலைந்துவிட்டால்

சவூதியில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்துறையில் புகார் செய்து, அதன் பிரதியை வாங்குங்கள். மக்கா பகுதியில் அவசர எண் 911. செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸ் 997. பிறகு நகலோடும் புகைப்படத்தோடும் ஜித்தாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். இலங்கைச் சகோதரர்களுக்கும் ஜித்தாவில் துணைத் தூதரகம் உண்டு. நாடு திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை இந்தியத் தூதரகங்கள் வழங்குகின்றன. நகல் இருந்தால் வேலை எளிதாகும். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக்கூடாது.

மருந்து கொண்டுபோகிறவர்கள் மருத்துவரின் சீட்டையும் உடன் வையுங்கள். சில வலி மாத்திரைகளுக்கும் மனநல மருந்துகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

பெட்டி கட்டும் இரவில், துஆக்களை ஓதிப் பார்ப்பதோடு, உம்மா வாப்பாவை உட்காரவைத்து ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். பத்து இலக்கங்களோடு முன்னால் 91. நம் பெரியம்மா இப்போது மகளின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

பயணிகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுசென்று, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.