தேறாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. மேலே பதினான்கு நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. நாடு என்றதும் பெரிய ராஜ்யம் என்று எண்ணிவிடலாகாது. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுதியே அது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயரேயன்றி, அவர்கள் பேசுவது தமிழ்தான். தினை, சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி ஆகியவை ஜீவனத்துக்கு ஆதாரம். இத்தகைய ஓரிடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டவும் இயலாமல் தடுமாறினால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? பள்ளிக்கூடம் பெற்றோரைச் சுட்டுகிறது. பெற்றோர் பள்ளிக்கூடத்தைச் சுட்டுகின்றனர். இவ்வழக்கில் நஷ்டமடைகிறவனோ வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 2002-ம் வருஷத்து 86-வது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதே திருத்தம் பெற்றோருக்கும் ஒரு கடமையை விதித்தது. அதைப் பின்பற்றி எழுந்த 2009-ம் வருஷத்துச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 10-வது பிரிவின்படி பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. 24-வது பிரிவோ உபாத்தியாயரைப் பற்றியது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அவர் மதிப்பிட வேண்டும். தேவையானால் கூடுதலாகப் பாடம் சொல்லித்தர வேண்டும். பெற்றோரைத் தவறாமல் கூட்டி, வருகை, திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பின்தங்கிய பிள்ளைக்குப் பாடம் கற்பிக்கும் பாரம் பெற்றோர் தலையில் ஓரிடத்திலும் ஏற்றப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கட்டாயக் கல்வி கோரி 1911-ல் கோகலே கொணர்ந்த மசோதாவில், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் உண்டு. 1906-ல் கட்டாயக் கல்வியைத் தமது சமஸ்தானம் முழுவதும் பரப்பிய பரோடா மன்னரும் அம்முறையையே கையாண்டார். 2009-ம் வருஷத்துச் சட்டத்தில் பெற்றோருக்கு அபராதம் கிடையாது. இதை ஓட்டையென்று சிலர் குறை கூறுவர். நமது அபிப்பிராயம் வேறு. ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டாரைத் தண்டித்து எந்தப் பிள்ளையையும் படிக்கவைக்க முடியாது. தண்டிக்கும் வழி அடைபட்டிருப்பதால், பள்ளிக்கூடத்துக்கு எஞ்சியிருப்பது வீட்டை நாடிச் செல்லும் வழி ஒன்றே.

மலையடிவாரத்து நிலைமையையும் பாருங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர்போனவை. தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். அந்தப் பெற்றோர் தங்கள் பங்குப் பொறுப்பைப் பணமாகக் கட்டிவிட்டு ஊர் திரும்புகின்றனர். அவர்களை அசிரத்தையுள்ளவர்கள் என்று எவரும் ஏசுவதில்லை! மலைமேல் உள்ள தகப்பன் பிள்ளையைச் சர்க்காரின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் மட்டும், 'இவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை' என்ற தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது.

அப்படியானால் வீட்டுக்குப் பங்கே இல்லையா? நிச்சயமாக உண்டு. வீட்டால் ஆகக்கூடியதை வீட்டிடம் கேட்க வேண்டும். வீட்டுப் பாடத்தைத் திருத்துங்கள் என்று எழுத்தறியாத தாய்க்குக் குறிப்பேட்டில் எழுதியனுப்புவது பரிகாசம். ஆனால் அவள் மாலையில் பிள்ளையை உட்காரவைத்து உரக்க வாசிக்கச் சொல்லலாம். திருத்த இயலாவிட்டாலும், எங்கே தடுக்கித் தடுக்கி வாசிக்கிறான் என்பது அவள் காதுக்குத் தெரியாமற் போகாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமலிருக்கலாம். வெளியூர் வேலைக்குக் கிளம்புமுன் உபாத்தியாயரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். மிளகையும் கேழ்வரகையும் அளக்கத் தெரிந்த பாட்டனார், வாய்ப்பாடு வராத பேரனுக்குக் கணக்கில் உதவமாட்டார் என்று யார் சொன்னது?

இதைச் சொல்லும்போது 1953-ம் வருஷத்து அரைநேரப் பள்ளித் திட்டம் சிலருக்கு ஞாபகம் வரலாம். ராஜாஜியின் அத்திட்டம் 1954-ல் கைவிடப்பட்டது, கைவிடப்பட்டதே நியாயம். பள்ளிப் பொழுதைக் குறைத்துப் பிள்ளையை வீட்டுத் தொழிலுக்கு அனுப்புவது வேறு, வீட்டாரின் அறிவைப் பள்ளிக்குள் அழைத்துவருவது வேறு.

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி, 2022-ல் எண்ணும் எழுத்தும், அதே வருஷம் காலைச் சிற்றுண்டி, 2025-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படை பிடிபடாதவர்களுக்குத் 'திறன்' என்று திட்டங்கள் வந்தன. இவற்றுள் வீட்டின் பாரத்தை நேரே இறக்கிவைத்தது சிற்றுண்டிதான். விடியுமுன் காட்டுக்குப் போகும் தாயின் மனக்கலக்கத்தில் ஒன்று அதனால் நீங்கிற்று.

தீராத கஷ்டம் பருவந்தோறும் வேலை தேடிக் குடும்பமே மலையிறங்கிப் போவது. பிள்ளை இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது வகுப்பு வெகுதூரம் போய்விடுகிறது. அவனுடைய மக்குத்தனம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான். ஒடிஷாவின் நுவாபடா, பலாங்கீர் ஜில்லாக்களில் செங்கற்சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஊரிலேயே பருவகால விடுதிகள் நடத்தப்பட்டன. பிள்ளைகள் சொந்த ஊரில் தங்கிச் சொந்தப் பள்ளியிலேயே தொடர்ந்து படித்தனர். குண்டூர் நாடு போன்ற இடங்களுக்கும் இம்முறை பொருந்தும்.

இனி, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தை வேலை நாளின் நடுப்பகலில் வைத்தால் கூலிக்காரர் எப்படி வருவார்? வந்தாலும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டுப் போவதற்கு அதைக் கூட்டம் என்று அழைப்பானேன்? சிற்றூர்களில் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் மாலையில் கூடும் வழக்கம் தெரியாததன்று. உபாத்தியாயர் அங்கே போகட்டும். பிள்ளையின் நிலையை எழுத்தால் அல்லாமல் வாயால், பலர் நடுவே அல்லாமல் தாய் தகப்பனிடம் தனியே சொல்லட்டும். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலிலும் வல்வில் ஓரி விழாவிலும் மலையே திரள்கிறது. பள்ளி தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கும். எந்தப் பிள்ளை எதில் பின்தங்குகிறான் என்பது அதற்குள் உபாத்தியாயருக்கு விளங்கியிருக்கும். வருஷத்தின் முதற் கூட்டத்தை அந்த வாரத்தில் வைக்க ஜில்லாக் கல்வி அதிகாரிகள் உத்தரவிடலாமே.