ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நன்மதிப்புப் புள்ளிகள்

நன்மதிப்புப் புள்ளி என்பது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒரு நிரலாளரின் கேள்விகளுக்கும் பதில்களுக்கும் சக நிரலாளர்கள் இடும் வாக்குகளால் சேரும் எண்ணிக்கையாகும். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்பால்ஸ்கி ஆகியோர் 2008 இல் தொடங்கிய இத்தளத்தில் புதிய பயனருக்கு 1 புள்ளி இருக்கும். ஆதரவு வாக்கு ஒன்றுக்கு 10 புள்ளிகள். கேட்டவரே பதிலை ஏற்றுக்கொண்டால் 15. எதிர்வாக்கு 2 புள்ளிகளைக் குறைக்கும். பதிலுக்கு எதிர்வாக்கு இடுபவரும் தம் புள்ளிகளில் ஒன்றை இழக்கிறார். சிறிய விலைதான், ஆனாலும் கைபோன போக்கில் பிறரைத் தாழ்த்துவதற்கு அது ஒரு தடை. வாக்குகளால் ஒரு நாளில் 200 புள்ளிகளுக்கு மேல் சேராது.

புள்ளிகள் உயரும்போது பொறுப்புகளும் கூடும். 2,000 புள்ளிகள் பெற்றவர் பிறர் எழுதியதை நேரடியாகத் திருத்தலாம். 3,000 பெற்றவர் கேள்விகளை மூட வாக்களிக்கலாம்.

வேலைக்கு ஆள் எடுப்போர் இவ்வெண்ணைத் திறமையின் அளவாகக் கொள்வது சரியன்று. கிட் மென்பொருளில் கடைசி கமிட்டைத் திரும்பப் பெறுவது எப்படி என்ற எளிய கேள்வி பல்லாயிரம் வாக்குகள் பெற்றுள்ளது; அது எல்லோருக்கும் தேவைப்படுகிறது. அரிதான பிழை ஒன்றை இரவெல்லாம் ஆராய்ந்து எழுதிய பதிலுக்கு இரண்டு மூன்று வாக்குகளே கிடைக்கலாம். தொடக்க ஆண்டுகளில் எளிய கேள்விகளுக்கு விடையளித்தவருக்கோ, இன்று எதுவும் எழுதாவிட்டாலும் பழைய பதில்கள் வழியே புள்ளிகள் வந்துகொண்டே இருக்கும்.