ஈர அரிசி இடிக்கும் கைகள்

டாட்டா நகரிலும் ராஞ்சியிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் வாரச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். சந்தையின் ஓரத்தில், மர நிழலில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஓர் அலுமினியப் பானை. பக்கத்தில் சால மர இலையில் தைத்த தொன்னைகள். தொட்டுக்கொள்ள வேக வைத்த கொண்டைக் கடலை. பானைக்குள் நீர்மோர் போல வெளுத்த ஒரு பானம். "ஊர்க் கள்ளு மாதிரி ஏதோ ஒன்று" என்று சொல்லிவிட்டு நம்மூர்க்காரர் நகர்ந்துவிடுவார்.

அது கள்ளும் அல்ல. காய்ச்சி இறக்கும் சாராயமும் அல்ல. சோற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் 'ஹண்டியா'. ஹண்டி என்றால் பானை. அதிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்பார்கள். முண்டா மக்கள் இதை 'இலி' என்கிறார்கள். ஹோ மக்கள் 'டியாங்' என்கிறார்கள். பெயர் பலவானாலும் வேலை ஒன்றுதான். அந்த வேலையின் உயிர்நாடியோ, மாவு மில்லையே காணாத ஒரு பிடி அரிசி மாவில் இருக்கிறது.

இடிபடுவது எது?

பீர் தயாரிக்கும் ஆலைகளில் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். முளை விடும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அங்கே உள்ளிருக்கும் பருப்பு உடைய வேண்டும். மேலுள்ள உமி சிதையக் கூடாது. பின்னால் சாற்றை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. தானியம் மாவாய்ப் போனால் வடியாமல் அடைத்துக்கொள்ளும்.

ஹண்டியாவின் கணக்கு வேறு. பானைக்குள் போகும் அரிசியை யாரும் உடைப்பதில்லை. அது சோறாகவே போகிறது. அந்தச் சோற்றை மதுவாக மாற்றுவது 'ரானு' என்னும் சிறு உருண்டை. 'பாகர்' என்றும் சொல்வதுண்டு. அந்த உருண்டையில் பூஞ்சைகளும் ஈஸ்ட்டும் குடியிருக்கின்றன. பூஞ்சை சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக் கொடுக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. இந்த உருண்டையைப் பிடிக்கத்தான் அரிசி இடிபடுகிறது.

அதிரச மாவின் பக்குவம்

பச்சரிசியை ஊற வைத்து, நீரை வடித்து, ஈரம் முழுவதும் போய்விடுமுன் இடிக்க வேண்டும். இடிக்கும் கருவிக்கு 'டேக்கி' என்று பெயர். நீளமான ஒரு மரக்கட்டை, இரண்டு ஊன்றுகோல்களுக்கு இடையே ஏற்றம் போல நிற்கும். ஒரு முனையைக் காலால் மிதித்தால் மறுமுனை எழும்பும்; காலை எடுத்தால் அந்த முனையில் பொருத்திய உலக்கை தரையில் பதித்த குழியில் விழும். ஒருத்தி மிதிக்க, இன்னொருத்தி குழியருகே உட்கார்ந்து அரிசியைப் புரட்டிக் கொடுப்பாள். உலக்கை எழுந்து விழுவதற்குள் அவள் கை போய்த் திரும்பியாக வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். டேக்கி இல்லாத வீடுகளில் மர உரலும் உலக்கையும் இருக்கும்.

"தெருமுனையில் மில் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்கலாம். ஈர அரிசியைக் கோதுமை அரைக்கும் கல்லில் கொட்டினால் அப்பிக்கொள்ளும். மில்காரர் வாங்கவே மாட்டார். காய்ந்த அரிசியை அரைத்தாலோ மாவு சூடேறி வறட்டு மாவாக வரும்; பிசைந்தால் இழைந்து கொடுக்காது. தீபாவளிக்கு அதிரசம் சுடும் தமிழ்ப் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஈர மாவின் பக்குவம் அவர்கள் கைக்கே தெரியும். ஜார்க்கண்ட் கிராமத்துப் பெண்ணின் கைக்குத் தெரிந்திருப்பதும் அதே பக்குவம்தான்.

இடித்த மாவைச் சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடியும் இடிப்பார்கள். குருணை மிகுந்தால் உருண்டை பிடிக்கும்போதே உதிரும். காட்டிலிருந்து கொண்டுவந்த வேர், பட்டை, இலைகளைத் தனியே உலர்த்திப் பொடித்து மாவோடு சேர்ப்பார்கள். எந்த வேர், எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் போகும் சொத்து அது. அளவாக நீர் தெளித்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டி, வைக்கோலைப் பரப்பி அதன்மேல் அடுக்கி மூடி வைப்பார்கள். சிலர் பழைய உருண்டையின் பொடியைக் கொஞ்சம் மேலே தூவுவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். சில நாளில் உருண்டை பூத்ததும் வெயிலில் காய வைத்து எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பிறகு சோறு வடித்துப் பாயில் பரப்பி ஆற விடுவார்கள். நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு சேர்த்தால் ரானுவின் உயிர் போய்விடும். ஆறிய சோற்றில் ரானுவைப் பொடித்துத் தூவிக் கலந்து பானையில் மூடி வைத்தால் கோடையில் 2, 3 நாளிலும், குளிர்காலத்தில் இன்னும் சில நாள் கழித்தும் பதமாகும். நீர் ஊற்றிப் பிசைந்து வடித்தால் ஹண்டியா.

முதல் துளி தெய்வத்துக்கு

சந்தால் மக்களின் ஐதீகப்படி, முதல் மனிதர்களான பில்சு ஹாராம், பில்சு பூடி இருவருக்கும் இதை வடிக்கக் கற்றுக் கொடுத்தது அவர்கள் தெய்வமான மராங் புரு. அதனால் முதல் துளியை மண்ணில் சிந்தித் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைத்த பிறகே மற்றவர்கள் குடிப்பார்கள். சால மரம் பூக்கும் சர்ஹுல், மாடுகளைக் கொண்டாடும் சோஹ்ராய், கல்யாணம், கருமாதி எதுவும் இது இல்லாமல் நடப்பதில்லை. 1975-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளும், பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கும் சடங்குக்கும் மரபு பானத்தை வடித்துக்கொள்ளலாம். வியாபாரத்துக்கான மது விற்பனை அப்பகுதிகளில் கூடாது என்றே சொல்லின.

சந்தைக்கு வந்த பானை

ஆனால் பானை சந்தைக்கு வந்துவிட்டது. நிலம் போதாத வீட்டிலும், கணவன் இல்லாத வீட்டிலும், கணவன் இருந்தும் சம்பளம் வந்து சேராத வீட்டிலும் பெண்ணுக்குத் தெரிந்த முதலில்லாத் தொழில் இதுதான். காலையில் விற்ற காசில்தான் மாலையில் உலை ஏறும். அந்தப் பானையைச் சுற்றித்தான் வேலைக்குப் போக வேண்டியவன் உட்கார்ந்துவிடுகிறான். குடித்தவனின் வாய்ப்பேச்சையும் கைச்சேட்டையையும் அவளே தாங்குகிறாள். சில வேளை அவள் கணவனே முதல் வாடிக்கைக்காரன்.

விற்பனை பெருகியதும் முதலில் கைவிடப்பட்டது இடிப்புதான். நாள்தோறும் பானை நிரம்ப வேண்டுமென்றால் ஈர அரிசி இடிக்க நேரம் ஏது? கடையில் விற்கும் ரானுவை வாங்குகிறார்கள். அதில் எந்த மாவு, எந்த வேர் என்பது வாங்குகிறவளுக்கே தெரியாது. போதை ஏற வேண்டுமென்று கண்ட பொருள்களையும் கலக்கிறார்கள் என்ற புகார்களும் எழுந்ததுண்டு. தெய்வத்துக்கு வைத்த கைப்பக்குவம் போய், தெருவோரச் சரக்கு மட்டும் மிஞ்சுகிறது.

இதற்குப் பரிகாரமாக ஜார்க்கண்ட் அரசு 2020-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1855-ல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த சந்தால் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய சித்தோ, கானு ஆகியோரின் சகோதரிகளான பூலோ, ஜானோ பெயரை அதற்குச் சூட்டினார்கள். சந்தையில் மது விற்கும் பெண்களுக்குச் சுய உதவிக் குழுக்கள் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஆடு கோழி வளர்ப்பு, சிறு கடை என்று வேறு தொழிலுக்கு மாற்றுவது நோக்கம். மாறியவர்கள் உண்டு, மாறாதவர்களும் உண்டு. ஆடு வளர்ந்து காசாகும் வரை அடுப்பு காத்திருக்காதே!

அஸ்ஸாமில் திமாசா மக்கள் வடிக்கும் 'ஜூடிமா' என்னும் அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் ஆதாரம், அரிசியோடு மரப்பட்டையைச் சேர்த்து இடித்துத் தட்டும் வில்லைதான். அங்கே கைப்பக்குவத்துக்கு மரியாதை; இங்கே பானையோடு உட்கார்ந்தவளுக்கு ஏச்சு.

குடி குடியைக் கெடுக்கும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனாலும் சந்தை ஓரத்தில் தலை குனிந்து தொன்னையை நிரப்புகிறவளை ஏளனமாகப் பார்க்குமுன், அவள் உள்ளங்கையை ஒரு தரம் பார்க்கலாம். உலக்கை பிடித்துக் காய்த்த கை அது. ஊரில் விட்டுவந்த அம்மாவின் கையும் அப்படித்தான் காய்த்திருக்கும்.