கணினிக்கும் ஒரு துருசு

வவுனியாவை அடுத்த நெளுக்குளம் தன் பெயரிலேயே குளத்தைத் தாங்கிய ஊர். குளத்தின் துருசைக் கண்டவரெல்லாம் திறந்தால் வயல் என்னாகும் என்பதை வன்னி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்கும் அத்தகைய துருசு ஒன்றுண்டு. அதுவே நிருவாகியின் கடவுச்சொல்.

சாதாரணக் கணக்குடையவர் தம் கோப்புகளை மட்டுமே ஆளலாம். நிருவாகியோ எவருடைய கோப்பையும் அழிக்கலாம். பிறர் கடவுச்சொல்லையும் மாற்றலாம். பாடசாலைக் கணினியில் மாணவர் ஓராண்டு உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் மறையக் கூடுமன்றோ?

1960களில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக் கணினியொன்றில் இரு கோப்புகள் இடம் மாறின. உள்நுழைந்தவர்க்கெல்லாம் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களிலும் இணையக் கருவிகளிலும் எளிதாகப் புகுந்தது.

ஆகவே, கருவி வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் வேண்டா. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தல் நன்று. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும். மறதிக்கு அஞ்சுவோர் எழுதி உறையிலிட்டுப் பூட்டிய அலுமாரியில் வைக்கலாம், திரையில் ஒட்டலாகாது. பொறுப்பாளர் மாறினால் சொல்லும் மாறவேண்டும்.

விளையாட்டாகவேனும் பிறர் கணினியுள் அனுமதியின்றிப் புகுதல், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.