ஊர் காட்டும் வித்தை

டெலிவிஷனில் ஊர் ஊராகச் சென்று காட்டும் அன்பர்கள் இக்காலத்தில் மலிந்திருக்கிறார்கள். மலையைக் காட்டுகிறேன் என்று புறப்பட்டு, மலைக்கு முன்னால் தம் திருமேனியை நிறுத்திக்கொள்கிறவர்களே அவர்களில் பெரும்பாலோர். மலை பாவம், பின்னால் எட்டிப் பார்க்கிறது!

டெலிவிஷன் நம் நாட்டுக்கு வருமுன்பே இந்த வித்தையில் தேர்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். 1911-ல் கோட்டையூரில் பிறந்த ஸ்ரீ ஏ. கே. செட்டியார் அவர்களே அவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். மகாத்மாவின் வாழ்க்கையைச் சினிமாவாக்க விரும்பி, பலர் பல காலத்தில் பிடித்த படச்சுருள்களைத் தேசம் தேசமாகத் தேடித் திரட்டினார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. 1940-ல் படம் வெளிவந்தது. இவ்வளவு அலைந்தவர் தம் பிரயாண நூல்களில் எங்கே இருக்கிறார் என்று நாம் தேடித்தான் பார்க்க வேண்டும். ஊர் இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள், அவர் ஒதுங்கி நிற்கிறார்.

1989-ல் பி.பி.ஸி. தொடரொன்றில் உலகைச் சுற்றிய மைக்கேல் பேலின், துபாயிலிருந்து பம்பாய்க்குக் குஜராத்தி மாலுமிகளின் மரக்கலத்தில் வந்தார். பல நாள் அவர்களோடு உண்டு உறங்கினார். அத்தொடரில் என் மனத்தை விட்டு அகலாதது, கண்ட நகரங்கள் அல்ல. அம்மாலுமிகளைப் பிரிய மாட்டாமல் அவர் பிரிந்ததுதான்.

எங்கள் வளையமாதேவிக்கும் காமிராக்கள் வந்தன. 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. மடிந்த பயிரைத் தேசமே பார்த்தது. அது செய்திக்காரர் கடமை, குறை சொல்லேன். யாத்திரைக்காரர் வரவேண்டிய வேளை அதற்குப் பிறகுதான்.

வருகிறவர் சுரங்கத்தின் ராட்சதச் சக்கரத்தின் முன் நின்று வியக்கட்டும். வாஸ்தவத்தில் வியக்கத் தக்கதே. ஆனால் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும் என்று முன்பே படித்து வந்திருந்தால், அந்த நீர் எங்கே போகிறது, சுற்றுப்புறக் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று அடுத்த கேள்வியைக் கேட்பார்.

பிறகு, நிலம் போன வீட்டுப் பெரியவரிடம் அந்த வயலின் பெயரைக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலுக்கும் பெயருண்டு. பதில் வரச் சற்று நேரமாகும். அதுவரை காமிராவை ஓடவிட்டு, வாய் திறவாமல் வரப்பில் உட்காரத் தெரிந்தவர் எவரேனும் வந்தால், அன்றைக்குக் காப்பி எங்கள் வீட்டில்.