சபையில் ஒலிக்கும் ‘ஐ’

உளுந்தூர்பேட்டை நேயர்களே, நீங்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அனுப்புகிற விழுப்புரம் தொகுதி எம்.பி., மக்களவையில் ஒரு மசோதாவை ஆதரிக்க ஆங்கிலத்தில் என்ன சொல்வார் தெரியுமா? ‘யெஸ்’ என்றா? இல்லை. அங்கே மரபுச் சொல் ‘ஐ’. அ, ஆ படிக்கும்போது சொல்வோமே, அதே ‘ஐ’ மாதிரிதான் ஒலிக்கும்!

ஆமாம் என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பழைய சொல் இது. ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் வீட்டுப் பேச்சிலேயே புழங்குகிறது. கப்பற்படையில் ‘ஐ ஐ சார்’ என்றால் ‘உத்தரவு புரிந்தது, செய்கிறேன்’ என்று பொருள்.

மக்களவையில் ஆதரிப்பவர்கள் ‘ஐ’ என்றும், எதிர்ப்பவர்கள் ‘நோ’ என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் ஓங்கியிருக்கிறதோ, அதை வைத்து சபாநாயகர் முடிவைச் சொல்வார். செய்திகளில் கேட்கிறோமே குரல் வாக்கெடுப்பு, அது இதுதான். ஆனால் அந்த முடிவை ஏற்காத உறுப்பினர், ஓட்டுகளை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நம் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்பது அப்போதுதான் பதிவாகும். அருமையான ஏற்பாடு அது!

அடுத்த முறை டி.வி.யில் மக்களவை நேரலை வந்தால், அந்த ‘ஐ’யைக் காது கொடுத்துக் கேளுங்கள்.